லக்சர் மேற்குக் கரையில் ஒரு மண்வீட்டு ஷாலே: வீடும் அதைச் சுற்றிய ஊர்களும்

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், மதினத் ஹாபு கோயிலுக்குச் சற்றுத் தெற்கே, பாயிராத் கிராமத்தின் கரும்பு வயல் முடிந்து மணல் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது இந்த வாடகை ஷாலே, அதாவது விடுமுறைக்குத் தங்கும் தனி வீடு. சுடாத மண்கல் சுவர், இரண்டு குவிமாடம், நீளமாக ஒரு வளைகூரை, இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், மொட்டைமாடி, பின்கட்டில் சின்ன நீச்சல் குளம். ஆறு பேர் தங்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. கூடத்தில் சுவரை ஒட்டிய திண்ணையில் இரண்டு பேரைப் படுக்கவைத்தால்தான் அந்தக் கணக்கு வரும். நான்கு பேருக்குத் தாராளம். வாடகை குளிர்காலத்தில் இரவுக்கு 70 டாலர், மே முதல் செப்டம்பர் வரை 45. 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டின் மதிப்பு டாலருக்கு 31-இலிருந்து 50-ஐ ஒட்டிச் சரிந்தது. அதன்பிறகு இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பவுண்டில் விலை சொல்வது அபூர்வம்.

நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை, ஐந்து இரவுக்குக் குறையாமல் தங்குகிறவர்களுக்கு இது நல்ல வீடு. இரண்டே இரவு வந்து கர்னாக், லக்சர் கோயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கிழக்குக் கரையில் ஓட்டல் எடுத்துக்கொள்வதே மேல். கோடையில் வாடகை குறைவு என்பதற்காக மட்டும் இதை எடுக்கக் கூடாது. காரணம் சுவரைப் பற்றிப் பேசும்போது வரும்.

ஆற்றின் எந்தப் பக்கம்

விமான நிலையம், ரயில் நிலையம், கர்னாக், கடைத்தெரு எல்லாம் கிழக்கில். வீடு மேற்கில். வரைபடத்தில் விரல்கடைத் தூரம்தான், நடுவில் நைல் ஓடுகிறது. 1998-இல் திறந்த பாலம் நகருக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், கார் தெற்கே போய், பாலம் ஏறி, மறுகரையில் மீண்டும் வடக்கே வர வேண்டும். விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. பெட்டிகளோடு வருகிறவர்களுக்கு இதுதான் வழி. வீட்டுக்காரர் அனுப்பும் காருக்கும் வாசலில் பேரம் பேசி எடுக்கும் டாக்சிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரவில் இறங்கினால் வீட்டுக் காரையே கேட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் கடைசி ஒரு கிலோமீட்டர் பெயர்ப்பலகை இல்லாத மண்சாலை.

கைப்பையோடு போய்வர ஃபெர்ரிதான் சரி. லக்சர் கோயிலுக்கு எதிரே ஆற்றங்கரையில் ஏறினால் ஜெசீரா துறையில் இறக்கிவிடும். சில பவுண்டுகள்தான் கட்டணம், கூட்டம் சேர்ந்ததும் கிளம்பும், இரவு வெகுநேரம் வரை ஓடும். அதே துறையில் தனியார் மோட்டார் படகுக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். அவசரமாக இருந்தால் ஏறலாம். சொல்லும் விலை படகுக்கா, ஆளுக்கா என்று கால் வைக்குமுன் கேட்டுவிட வேண்டும். ஜெசீராவில் பின்புறம் பெஞ்சு போட்ட பிக்கப் வண்டிகள் ஷேர் ஆட்டோ போல ஓடுகின்றன. அவை பிரதான சாலையோடு நேரே மேற்கே போய், மெம்னன் சிலைகளைத் தாண்டி டிக்கெட் அலுவலக நாற்சந்தி வரை விடும். அங்கிருந்து வீட்டுக்கு இருபது நிமிட நடை. இருட்டிய பிறகு அந்த நடை வேண்டாம்: தெருவிளக்கு விட்டுவிட்டுத்தான் எரிகிறது, நாய்கள் கூட்டமாகத் திரிகின்றன. துறையிலேயே டுக்டுக் (ஆட்டோ) பிடித்துக்கொள்வது நல்லது.

இத்தனை சிரமத்துக்கும் ஈடாகக் கிடைப்பது காலை நேரம். பழைய எகிப்திய அரசர்களின் கல்லறைகள் உள்ள மன்னர் பள்ளத்தாக்கு காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. இந்த வீட்டிலிருந்து சாலை வழி ஏழெட்டு கிலோமீட்டர். செங்கடல் ஓரத்து ஹுர்கதாவிலிருந்து நான்கு மணி நேரம் ஓடிவரும் பேருந்துகளும், கிழக்குக் கரை ஓட்டல் கூட்டமும் ஒன்பது மணியளவில் வந்து குவியும். அதற்குள் மூன்று கல்லறைகளையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து காலைச் சாப்பாடு சாப்பிடலாம். கிழக்கில் தங்கி இதே நேரத்தைப் பிடிக்க வேண்டுமானால் நான்கரைக்கு எழுந்திருக்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டு மூன்று கல்லறைகளுக்கு. எவை திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். மெர்நெப்தா (கேவி 8; கேவி என்பது பள்ளத்தாக்குக் கல்லறைகளின் எண்), மூன்றாம் துத்மோஸ் (கேவி 34) இரண்டும் ஆழமானவை, படி அதிகம். கால் புதிதாக இருக்கும்போது முதலில் அவற்றை முடித்துவிட வேண்டும். மூன்றாம், நான்காம், ஒன்பதாம் ராமசேஸ் கல்லறைகளில் சரிவு மட்டுமே, முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றவை. துத்தன்காமுன், முதலாம் செத்தி, ஐந்து–ஆறாம் ராமசேஸ் கல்லறைகளுக்குத் தனித்தனிச் சீட்டு. தனிச்சீட்டில் ஒன்றுதான் வாங்குவதாக இருந்தால், மம்மி கிடக்கும் துத்தன்காமுனின் சின்ன அறையைவிட, கூரை முழுக்க வான தேவி நூத் நீண்டு கிடக்கும் ஐந்து–ஆறாம் ராமசேஸுக்கே (கேவி 9) பணம் போடலாம். செத்தியின் கல்லறை இவை எல்லாவற்றையும்விட மேலானது, விலையும் அப்படியே.

ஒரு சிக்கல் பலரைத் திருப்பி அனுப்புகிறது. பள்ளத்தாக்குக்கும் ஹட்செப்சுத் கோயிலுக்கும் அந்தந்த வாசலில் சீட்டு கிடைக்கும். மதினத் ஹாபு, ராமசேயம், தேர் எல்-மதினா, பிரபுக்களின் கல்லறைகள் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன நாற்சந்தி அலுவலகத்தில் முன்பே வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய இடங்களில் கார்டு மட்டுமே வாங்குகிறார்கள், ரொக்கத்தை நீட்டினால் தலையாட்டுவார்கள். சீட்டு அன்றைக்கு மட்டும் செல்லும் என்பதால் மொத்தமாக வாங்கிக் குவிக்கவும் கூடாது. மதினத் ஹாபுவை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து நடந்தே போகலாம், வடக்கு வெளிச்சுவரில் மூன்றாம் ராமசேஸ், கடல்வழி படையெடுத்து வந்த 'கடல் மக்களோடு' மோதும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது, உள்ளே உத்தரங்களின் அடிப்பக்கத்தில் வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுவரும் தண்ணீரும்

மேற்குக் கரையில் குவிமாடம் வைத்த வீடு என்றால் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரைச் சொல்லாமல் யாரும் விற்பதில்லை. 1940-களின் பிற்பாதியில் அவர் கட்டிய நியூ குர்னா கிராமம், ஃபெர்ரியிலிருந்து வரும் சாலையோரத்திலேயே இருக்கிறது. அங்குள்ள மசூதியைப் பார்த்துவிட்டு வந்தால் இந்த வீட்டில் எது அசல், எது ஒப்பனை என்று தெரியும். அடியில் சாரம் கொடுக்காமல், ஒவ்வொரு வரிசைக் கல்லையும் முந்தைய வரிசைமேல் சாய்த்து ஒட்டியே வளைகூரை எழுப்புவது எகிப்தின் தென்கோடி நூபியாக் கொத்தனார்களின் முறை. பல வாடகை வீடுகள் கான்கிரீட் சட்டத்தில் சிவப்புச் செங்கல் அடைத்து மேலே மண் பூசியவை. ஜன்னல் குழியின் ஆழத்தைப் பார்த்தால் போதும்: ஒரு சாணுக்குள் இருந்தால் ஒப்பனை. இந்த வீட்டில் அரை மீட்டர். அறைகள் உண்மையான மண். குளியலறையும் சமையலறையும் சுட்ட செங்கல், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அரை மீட்டர் மண்சுவர் வெப்பத்தை மெதுவாக வாங்கிப் பல மணி நேரம் கழித்து உள்ளே விடுகிறது. ஜனவரியில் பகல் 23 டிகிரி, விடியற்காலை 6, 7 வரை இறங்கும். அப்போது பகலில் வாங்கிய சூடு இரவில் அறைக்குள் வருவதால் இரண்டு கம்பளி போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 41-ஐத் தொடும், இரவும் 24-க்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். நாள்கணக்கில் குளிர வாய்ப்பில்லாத சுவர் இரவெல்லாம் அனல் விடும். அதை ஒன்றரை டன் ஏசியால் வெல்ல முடியாது, ஏனென்றால் குவிமாடத்தின் உச்சியில் சூடான காற்று வெளியேற ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த காற்றின் ஒரு பகுதியும் அந்த வழியே போகிறது. ஓட்டைகளுக்கு வலை அடித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இங்கே கூடத்துக் குவிமாடத்தில் அடித்திருக்கிறது, கிழக்குப் படுக்கையறையில் ஒரு மூலை கிழிந்து சிட்டுக்குருவி உள்ளே வருகிறது. குவிமாடத்தின் அடியில் பேசினால் குரல் சுழன்று எதிரொலிக்கும். குழந்தைகளைத் தூங்கவைக்க வளைகூரை அறையே நல்லது. வைக்கோல் கலந்த மண்பூச்சு கொஞ்சம் உதிரும். காலையில் தலையணையில் பொடி இருந்தால் யாரும் பெருக்கவில்லை என்று அர்த்தமில்லை.

பெரிய குறை உப்பு. கிழக்குப் படுக்கையறையில், வயலைப் பார்த்த சுவரில், முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பூப் பூத்திருக்கிறது. 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்து ஆண்டு முழுதும் பாசனம் வந்தபின், லக்சர் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. அந்த ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறி, காய்ந்து, உப்பை மட்டும் விட்டுப்போகிறது. கோயில்களின் அடிக்கற்களையே அரிக்கும் வேலை இது. கர்னாக்கிலும் மேற்குக் கரையிலும் நிலத்தடி நீரை இறைத்துக் குறைக்கத் தனித் திட்டங்களே போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் இதை மறைக்கச் சிமெண்ட் பூசியிருக்கிறார், அது தப்பு. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. அது உள்ளேயே இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் பிதுங்கும். மண்பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ போட்டு, உப்பேறியதும் சுரண்டி எடுத்து மறுபடி பூசுவதுதான் வழி. தங்குகிறவர்கள் செய்ய வேண்டியது சின்னது: கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், இரண்டு பேர்தான் என்றால் மேற்கு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் நடுவே உள்ள வீடுகளில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. மணல் விளிம்பில் இருப்பதால் இந்த வீட்டில் ஒரு சுவரோடு நின்றிருக்கிறது.

தண்ணீர் தரையடித் தொட்டிக்கு வந்து, மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறுகிறது. அழுத்தம் சுமார்தான். கீசர் 50 லிட்டர். இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் மூன்றாமவருக்கு அரை மணி நேரம் காத்திருப்பு. கோடையில் மேல்தொட்டித் தண்ணீர் தானாகவே கொதிக்கும், அப்போது கீசரை அணைத்துவிட்டு அதையே குளிர்ந்த நீர்த் தொட்டியாகப் பயன்படுத்துவது உள்ளூர்த் தந்திரம். கழிப்பறையில் எகிப்தின் வழக்கப்படி கோப்பைக்குள்ளேயே நீர்பீச்சும் குழாய் உண்டு. காகிதத்தைக் கூடையில்தான் போட வேண்டும்: கழிவு தெருச் சாக்கடைக்குப் போகவில்லை, முற்றத்துக் குழிக்குப் போகிறது. குழி நிறைந்தால் டாங்கர் வந்து உறிஞ்சும் வரை வாடை அடிக்கும். முன்பதிவு செய்யும்போதே கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கூச்சப்படாமல் கேட்கலாம். குடிக்கப் பாட்டில் தண்ணீர்.

மின்சாரம் 220 வோல்ட், உருண்டை இரட்டைப்பின். கனமான மூன்றுபின் சார்ஜருக்கு அடாப்டர் கொண்டுவர வேண்டும். கீசர், இரண்டு ஏசி, மின்கெட்டில் நான்கும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழுகிறது. பிரேக்கர் பெட்டி வெளிவாசலுக்குப் பக்கத்தில், சிவப்பு விளிம்புள்ள சுவிட்சைத் தூக்கிவிட்டால் போதும். 2023, 2024 கோடைகளில் நாடு முழுக்க முறைவைத்து மின்வெட்டு இருந்தது. இந்த வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. வைஃபை மாதக் கோட்டாவில் ஓடுகிறது, முன்பு தங்கியவர்கள் படம் பார்த்துத் தீர்த்திருந்தால் மாதக் கடைசியில் ஊர்ந்துதான் போகும். வேலை இருக்கிறவர்கள் விமான நிலையத்திலேயே சிம் வாங்கிவிடுவது நல்லது.

சமையலறையில் இரண்டு அடுப்பு, 12.5 கிலோ சிலிண்டர். மாற்றுச் சிலிண்டர் கிடையாது, பணியாளிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் வரும். ஆனால் இங்கே சமைப்பதைவிட அவர் வீட்டுப் பெண்கள் சமைத்துத் தருவதைச் சாப்பிடலாம், முதல் நாள் மாலையே சொல்லிவிட்டால். வெயிலில் புளிக்கவைத்துச் சுடும் ஐஷ் ஷம்ஸி ரொட்டி மேல் எகிப்துக்கே உரியது, தடிமனாக, வெளியே மொறுமொறுப்பாக இருக்கும். காலையில் அதோடு ஃபூல் (மசித்த பயறு), தாமியா (பயற்று வடை). சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மொலோகியாவும் வெண்டைக்காய்க் குழம்பும் பார்க்கக் கீரையும் காயும்தான், ஆனால் அவை வேகுவது பெரும்பாலும் கோழி அல்லது இறைச்சிச் சாற்றில். "இறைச்சி இல்லாமல்" என்றால் துண்டு போடாமல் விடுவார்கள்; சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

மணல் விளிம்பின் விலை தேள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை செருப்பை உதறிப் போட வேண்டும், துண்டைத் தரையில் விடக் கூடாது, இரவில் முற்றத்தில் வெறுங்கால் கூடாது. கொசு கால்வாய்ப் பக்கத்தைவிடக் குறைவு. வலை கட்டில் இரண்டுக்கும் உண்டு. கால்வாயில் உள்ளூர்ச் சிறுவர்கள் குதிப்பதைப் பார்த்துக் காலை நனைக்க வேண்டாம், தேங்கிய, மெல்ல ஓடும் நீரில் தோல் வழியே உடலுக்குள் நுழையும் பில்ஹார்சியா புழு இன்னும் இருக்கிறது. பின்கட்டு நீச்சல் குளத்துக்குச் சூடேற்றும் வசதி கிடையாது, டிசம்பரில் அது பார்க்க மட்டும்.

அமைதியான கிராமம் என்று விளம்பரம் சொல்வதில் பாதிதான் உண்மை. விடியலுக்கு முன் பாங்கு, பிறகு கழுதை, பிறகு பலூன். மேற்குக் கரையிலிருந்து சூரிய உதயத்துக்கு ஏறும் வெப்பக்காற்று பலூன்கள் காற்று வாட்டத்துக்குத் தக்கபடி மதினத் ஹாபு மேலேயே வரும். பர்னர் சீறும்போதெல்லாம் ஊர் நாய்கள் எல்லாம் குரைக்கும். மொட்டைமாடியில் உட்கார்ந்தால் இதுவே இலவசக் காட்சி. டிசம்பர் முதல் கரும்பு வெட்டு நடக்கும், சோகை எரிக்கும் புகை மாலையில் தாழ்ந்து வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் கணக்கில் வைக்க வேண்டியது இது.

தெற்கே

வரைபடத்தை விரித்தால் வீட்டின் இன்னொரு பலம் தெரியும். தெற்கிலும் வடக்கிலும் உள்ள கோயில் ஊர்களான எஸ்னா, எத்ஃபு, தெந்தேரா, அபிதோஸ் நான்கும் நைலின் மேற்குக் கரையில்தான். காலையில் கிளம்பினால் ஆற்றைக் கடக்கவே வேண்டாம். ரயிலில் போகிறவர்களுக்கு நேர்மாறு: நாக் ஹமாதிக்குத் தெற்கே தண்டவாளம் கிழக்குக் கரையில் ஓடுவதால், எஸ்னா, எத்ஃபு நிலையங்கள் ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கின்றன, இறங்கியபின் வண்டி பிடித்துப் பாலம் தாண்ட வேண்டும்.

அர்மந்த் வழியில் வரும் முதல் ஊர். சர்க்கரை ஆலை ஊர் அது, நிற்க வேண்டியதில்லை. கிளியோபாட்ரா காலத்துக் கோயில் ஒன்று அங்கே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதன் கல்லைப் பெயர்த்து ஆலை கட்டிவிட்டார்கள்.

எஸ்னாவுக்கு 55 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கப்பல் பயணிகள் மதகில் காத்திருக்கும்போது மேல்தளத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகும் ஊர் என்ற பெயர் இதற்கு. உண்மையில் சுற்றுவட்டாரத்தில் அரை நாளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. கடைத்தெருவின் நடுவே ஒன்பது மீட்டர் பள்ளம், அதற்குள் க்னூம் கோயிலின் மண்டபம். ஊர் காலகாலமாகக் குப்பைமேல் குப்பையாக உயர்ந்துபோக, கோயில் பழைய மட்டத்திலேயே நிற்கிறது. 24 தூண்கள், ஒவ்வொன்றின் தலைப்பும் வெவ்வேறு செடி வடிவம். எகிப்திய–ஜெர்மன் குழு 2018 முதல் கரியும் பறவை எச்சமும் நீக்கித் துடைத்ததில், மங்கிய கறுப்பாக இருந்த கூரையில் ராசி உருவங்களும் சிவப்பும் மஞ்சளும் நீலமும் வெளிவந்தன. பழைய பயணக் கையேடுகளில் இந்தக் கோயிலைப் பற்றிப் படித்ததை மறந்துவிடலாம். ரோமப் பேரரசர் தேசியஸ் (கி.பி. 249–251) பெயர் வரை இங்கே சித்திர எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கழுத்து வலிக்காமல் கூரை பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி கொண்டுபோகலாம், கைப்பேசியின் முன்கேமராவும் போதும்.

கோயிலைவிட்டு ஏறி வந்ததும் காரில் ஏறிவிடாதீர்கள். துணிக்கடைகள் நிறைந்த கைசரிய்யா சந்தை, வணிகர்கள் தங்கிய வகாலத் அல்-ஜெத்தாவி என்ற சத்திரம், பழைய எண்ணெய்ச் செக்கு மூன்றும் நடக்கும் தூரத்தில். பழைய எஸ்னாவை மீட்டெடுத்த இந்தப் பணிக்கு 2025-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. கோயில் வாசலில் சால்வைக்காரர்கள் சூழ்வார்கள். இரண்டு தெரு தாண்டினால் உங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், விலையும் சாதாரண விலையாகிவிடும்.

எத்ஃபு இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹோரஸ் கோயில் கி.மு. 237-இல் தொடங்கி 57-இல் முடிந்தது, எகிப்தில் இவ்வளவு முழுசாக நிற்கும் கோயில் வேறில்லை. 36 மீட்டர் உயர முகப்புக் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள திறந்த முற்றத்தைத் தாண்டினால், கருவறை வரை பெரும்பாலும் கூரையின்கீழ் நடக்கலாம். கப்பல்கள் கூட்டத்தை இறக்குவது விடிகாலையில், ஆகவே காரில் வருகிறவர்கள் எஸ்னாவை முதலில் முடித்து, பதினொரு மணிக்குமேல் எத்ஃபு சேர்வது சரி. கூரை இருப்பதால் உச்சி வெயில் ஒன்றும் செய்யாது. துறையிலிருந்து குதிரை வண்டி சண்டைகளும் கார்க்காரர்களுக்கு மிச்சம்.

இன்னும் தெற்கே உள்ள கோம் ஓம்போவும் அஸ்வானும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று ஓட்டுநர்கள் ஆசை காட்டுவார்கள். அஸ்வான் லக்சரிலிருந்து 215 கிலோமீட்டர். பாதி நாள் சாலையிலேயே போய்விடும். அஸ்வானுக்குத் தனியாக இரண்டு இரவு ஒதுக்க முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

வடக்கே

தெந்தேராவுக்கு ஒன்றேகால் மணி நேரம், கெனா நகருக்கு எதிர்க்கரை. ஹத்தோர் கோயிலின் பெருமண்டபக் கூரையில் கரி நீக்கியபின் தெரியும் நீலத்துக்காகவே போகலாம். மண்டபம், குனிந்து நுழையும் நிலவறை, மேல்தளத்துக்குச் சுழன்று ஏறும் படி, பின்புற வெளிச்சுவரில் கிளியோபாட்ராவும் அவள் மகன் சிசேரியனும்: இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்துக் கொடுத்தால் ஓட்டுநரோடு சண்டை போடுங்கள். மேல்தளத்து ராசிச் சக்கரம் நகல்தான், அசல் பாரிஸ் லூவரில். நிலவறை பருமனானவர்களுக்கும் மூச்சுமுட்டும் பயம் உள்ளவர்களுக்கும் ஆகாது.

அபிதோஸ் அதற்கும் அப்பால், லக்சரிலிருந்து 160 கிலோமீட்டர். முதலாம் செத்தியின் கோயிலில் உள்ள சுண்ணக்கல் புடைப்புகளின் நேர்த்திக்கு மன்னர் பள்ளத்தாக்கில்கூட ஈடு குறைவு. 76 அரசர்களின் பெயர் வரிசையும் இங்கேதான். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க, ஆறு மணிக்குக் கிளம்பி முதலில் அபிதோஸ், திரும்பும்போது தெந்தேரா. மாறிப் போனால் அபிதோஸ் மாலைக்குத் தள்ளிப்போய், திரும்பும் வழியில் இருட்டிவிடும். சோதனைச் சாவடிகளில் வெளிநாட்டவர் வண்டியை இருட்டில் நிறுத்தி வைத்தால் எளிதில் விடுவதில்லை. பாஸ்போர்ட்டின் நகல் நான்கைந்து கையில் இருந்தால் சாவடிகளில் நேரம் மிச்சம்.

நகாதா இந்தச் சாலையில்தான் வருகிறது, எகிப்தின் அரசர்களுக்கு முந்தைய காலத்துக்கே பெயர் கொடுத்த ஊர். தொல்லியல் ரீதியாகக் கண்ணுக்குத் தெரிய ஒன்றுமில்லை. குழித்தறியில் நெய்யும் ஃபெர்கா துணிக்காக அரை மணி நேரம் நிற்கலாம்.

கிழக்குக் கரையில் கிஃப்த், கூஸ், கராகோஸ் மூன்றும் கிட்டத்தட்ட அதே நேர்கோட்டில் இருக்கின்றன, பாலம் சுற்றிப் போக வேண்டும். கிஃப்த்தின் பழைய பெயர் கோப்டோஸ். செங்கடல் துறைகளில் இறங்கிய மிளகு பாலைவனம் கடந்து நைலைத் தொட்ட இடம் அது. அந்தத் துறைகளில் ஒன்றான குசைர் அல்-கதீமில்தான் 'பானை ஒறி' (உறியில் தொங்கும் பானை) என்று தமிழ் பிராமியில் கீறிய ஓடு கிடைத்தது. இந்த ஆசையில் கிஃப்த்துக்குப் போனால் ஏமாற்றம்தான்: இடிபாட்டு மேடும் பரபரப்பான சந்தையும் மட்டுமே. கராகோஸ் வேறு கதை. 1950-களில் ஹசன் ஃபாத்தி வடிவமைத்த மட்பாண்டப் பட்டறை அங்கே இருக்கிறது. லக்சர் கடைகளில் விற்கும் அலங்காரத் தட்டுகளைவிட அங்கே வாங்குபவை உருப்படியானவை, கனமானவை. விமானத்தில் எடை பார்த்து வாங்க வேண்டும்.

வண்டிக்குப் பேசும்போது

நாள் வாடகையை வண்டிக்கு மொத்தமாகப் பேச வேண்டும். பெட்ரோல், காத்திருப்பு, நிறுத்துக் கட்டணம், ஓட்டுநர் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கமா என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம், வாட்ஸ்அப் செய்தி போதும். 'அலபாஸ்டர் பட்டறை, பாப்பிரஸ் கடை நிறுத்தம் வேண்டாம்' என்று அதிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கமிஷனுக்காக முக்கால் மணி நேரம் கல்லுடைப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஷாலேயின் பணியாளர் ஏற்பாடு செய்யும் காருக்கு நியாயமான விலையே சொல்கிறார், வண்டியும் ஏசியும் ஒழுங்கு. ஜெசீரா துறையில் கேட்டால் கொஞ்சம் குறையலாம், ஆனால் எந்த வண்டி வரும் என்று காலையில்தான் தெரியும்.

வீட்டில் சேர்ந்ததும் போலீஸ் பதிவுக்காகப் பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், இது வழக்கம்தான், அசலைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. முன்பணம் இணையத்தில் கட்டியது போக மீதியை டாலர் அல்லது யூரோ ரொக்கமாகக் கேட்கிறார்கள், கிழிசலும் மடிப்புத் தழும்பும் இல்லாத நோட்டாக. மேற்குக் கரையில் ஏடிஎம் குறைவு, இருப்பதும் வார இறுதியில் காலியாகிவிடும்; கிழக்கிலிருந்து ஃபெர்ரி ஏறுமுன் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு பெரிய நோட்டை ஏதாவது கடையில் மாற்றி 10, 20 பவுண்டு தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைக் காவலர் விளக்கைத் தூக்கிக் காட்டுவதற்கும், பிக்கப் வண்டிக்கும், ஃபெர்ரிக்கும் 200 பவுண்டுத் தாளை நீட்டினால் மீதி வராது.